மெருகும் மனச்சான்றும்

‘இத்தனை தூரம் ஓடித் தேய்ந்த காருக்கு இவ்வளவு மெருகு எதற்கு, ஐயா?’ என்று ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் என்னை வினவினார். 2023ஆம் ஆண்டின் தொடக்கம் அது. பள்ளி வளாகத்து மரநிழலில் நின்றிருந்த என் காரின் பானெட்டில் வானமும் கிளைகளும் தெளிவாகத் தெரிந்தன. அதன் தூரமானியோ மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டரைக் கடந்திருந்தது. நண்பர் விளையாட்டாகக் கேட்டார், அறையிலிருந்தோர் நகைத்தனர், நானும் உடன் நகைத்தேன். ஆயினும் நகைத்துவிட்டுக் கடந்துபோகக் கூடிய வினா அன்று அது என்பதை அவ்வாண்டு முடிவதற்குள் உணர்ந்துகொண்டேன். பழம்பொருள் ஒன்றுக்கு நாம் செய்யும் பணிவிடை எதுவரையில் கடமை? எவ்விடத்தில் அது தற்பெருமை ஆகின்றது? எவ்விடத்தில் பிறர் கண்ணை மறைக்கும் திரையாகின்றது? கார் வைத்திருப்போர் எல்லாரும் அன்றாடம் தம்மை அறியாமலே விடை கூறிக்கொண்டிருக்கும் வினாக்கள் இவை. என் விடை நெடுநாள் பிழையாக இருந்தது.

நம் பாடநூல்கள் காரை ‘மகிழுந்து’ என்கின்றன. மாதக் கடைசியில் பட்டறை வாசலில் நிற்பவனுக்கு அப்பெயரின் பொருத்தத்தில் சிறிது ஐயம் எழுவது இயல்பே. என்னுடையது பின்புறம் நீண்டு, கூரை பின்கதவு வரையில் தாழாமல் செல்லும் ‘ஸ்டேஷன் வேகன்’ வகையைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் இதனை ‘எஸ்டேட் கார்’ என்பர். இரயில் நிலையத்தில் வந்திறங்கும் விருந்தினரையும் அவர்தம் பெட்டிகளையும் நாட்டுப்புற மாளிகைகளுக்கு ஏற்றிச் செல்ல இவ்வகை வண்டிகள் பயன்பட்டமையால் நிலையத்தின் பெயரை ஒரு நாட்டாரும், பண்ணையின் பெயரை மற்றொரு நாட்டாரும் இதற்குச் சூட்டினர். எஸ்டேட் என்றதும் நம் நினைவுக்கு வருவன மாளிகையும் விருந்தினரும் அல்ல; இரப்பர் மரங்களும், லயத்து வீடுகளும், பால் வாளியுமே. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் தந்தையார் முதன்முறை அக்காரின் பின்கதவைத் திறந்து உள்ளே நோக்கி, ‘இதில் ஒரு குடும்பமே குடியிருக்கலாமே’ என்றார். ஏறத்தாழ அவ்வாறே நாங்கள் அதில் குடியிருந்தோம். மூன்று பிள்ளைகள், மாமனார் மாமியார், தைப்பூசப் பால்குடம், பள்ளி நூலகத்துப் புத்தகக் கட்டுகள் என அது ஏற்றாத சுமை இல்லை.

கணக்கெழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த 2023ஆம் ஆண்டின் பக்கத்தைப் புரட்டுகிறேன். ஓடிய தூரம் 19,800 கிலோமீட்டர். பெட்ரோல் 1,800 லிட்டர். அப்போது ரோன் 95 பெட்ரோல் லிட்டருக்கு 2 வெள்ளி 5 காசு விற்றது. ஆகவே 3,690 வெள்ளி. 1,998 சி.சி. இயந்திரத்துக்குரிய சாலை வரி 379 வெள்ளி. மூன்றாம் தரப்புக் காப்புறுதியையும் சேர்த்தால் 600. நான்கு டயர்கள் 1,000. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என நான்கு தடவை இயந்திர எண்ணெய் மாற்றியது 560. டைமிங் பெல்ட்டும் தண்ணீர்ப் பம்பும் 850. அப்சார்பர்கள் 1,100. பிரேக் குழாய்களும் பிரேக் எண்ணெயும் 420. ஆக மொத்தம் 8,220 வெள்ளி. கிலோமீட்டருக்கு நாற்பத்தொன்றரைக் காசு.

இது மிகுதியா, குறைவா? எண்பதாயிரம் வெள்ளிக்குப் புதுக் கார் ஒன்றை வாங்கி ஒன்பது ஆண்டுத் தவணையில் கட்டுவதாகக் கொள்வோம். வட்டியை விட்டுவிட்டு முதலை மட்டும் 108 மாதங்களுக்கு வகுத்தாலும் மாதம் 740 வெள்ளி. ஆண்டுக்கு 8,900 வெள்ளியை நெருங்கும். ஒரு துளி பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னரே பழைய காரின் முழு ஆண்டுச் செலவையும் புதுக் கார் விழுங்கிவிடுகின்றது. மேலும், புதுக் கார் வாங்கியவன் காணாமலே இழக்கும் தேய்மானம் ஒன்றுண்டு. என் கார் விலை இழக்க வேண்டியதையெல்லாம் முன்பே இழந்துவிட்டது. இக்கணக்கை நண்பர்களிடம் பலமுறை ஒப்பித்திருக்கிறேன். ஒப்பிக்கும்போதெல்லாம் என் சிக்கனத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

சிக்கனத்தால் மட்டும் ஒரு கார் நெடுநாள் ஓடுவதில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இர்வ் கார்டன் என்னும் அறிவியல் ஆசிரியர் 1966ஆம் ஆண்டு ஒரு வால்வோ காரை வாங்கினார். 2013ஆம் ஆண்டில் அதே காரில் முப்பது இலட்சம் மைலை, அதாவது நாற்பத்தெட்டு இலட்சம் கிலோமீட்டரைக் கடந்து உலகச் சாதனை படைத்தார். நம்மைப் போல் கரும்பலகையின் முன் நின்றவர் அவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. உரிய காலத்தில் உரியதை மாற்றுவோரிடமே இயந்திரம் அத்துணை நாள் உழைக்கும். மலிவென்று எண்ணிப் பழைய காரை வைத்துக்கொண்டு, அதற்குரிய செலவைத் தள்ளிப்போடுகிறவன் உண்மையில் கடன் வாங்குகிறான். அக்கடனுக்கு ஈடாகத் தன் காரில் ஏறுவோரின் உயிரை வைக்கிறான். ஜொகூர் நீரிணைக்கு அப்பால் இத்தகைய எண்ணங்களுக்கு இடம் குறைவு. சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உரிமைச் சான்றிதழ் முறை ஒரு காருக்குப் பத்தாண்டு ஆயுளை எழுதிவிடுகின்றது. அதன்பின் பெருந்தொகை கட்டிப் புதுப்பிக்க வேண்டும், அன்றேல் காரைக் கைவிட வேண்டும். அங்குச் சட்டமே முடிவு செய்வதை இங்கு நாமே முடிவு செய்கிறோம். ஆகவே முடிவின் பிழையும் நம்முடையதே.

இனி மெருகுக்கு வருவோம். அது எவ்வாறு தொடங்கிற்று என்பதைச் சொல்லாவிடில் என் நண்பரின் வினாவுக்கு நேர்மையாக விடை கூறியவன் ஆகேன். தைப்பிங் எங்கள் ஊர். தீபகற்பத்திலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. காலையில் கொதிக்கும் வெயில். மாலையில் கொட்டும் மழை. இவ்விரண்டிற்கும் இடையில் கரும்பச்சை நிறம் சாம்பல் பூத்துப்போயிற்று. ஒருநாள் இடைநிலைப்பள்ளியில் பயின்ற என் மூத்த மகள், ‘அப்பா, அந்த முனையிலேயே இறக்கிவிடுங்கள், நான் நடந்து போய்க்கொள்கிறேன்’ என்றாள். மறுநாளும் அவ்வாறே சொன்னாள். மூன்றாம் நாள் எனக்கு விளங்கிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறன்று கடைக்குச் சென்று காம்பவுண்ட்டும், மெழுகும், சுழல்மெருகுக் கருவி ஒன்றும் வாங்கிவந்தேன். அன்றுமாலை அவள் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். திங்கட்கிழமை பள்ளி வாசலிலேயே இறங்கினாள். அந்த மெருகைத் தற்பெருமை என்று ஒரே சொல்லால் தள்ளிவிட இன்றும் எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மெருகிடுதல் என்பது யாது என அறியாமலே மெருகிட்டேன். காரின் மேனியில் துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதன்மேல் நிறமற்ற மேற்பூச்சு எனப் படலங்கள் உள்ளன. இவை அனைத்தும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுத்து நிறத்தைக் காக்கும் மேற்பூச்சு அதில் ஏறத்தாழப் பாதி. காம்பவுண்ட் இட்டுத் தேய்க்கும்போது கீறல் நிரம்பி மறைவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் கீறலைச் சுற்றியுள்ள மேற்பூச்சுத் தேய்ந்து, கீறலின் ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றது. ஒவ்வொரு மெருகும் காரின் தோலை மெல்லியதாக்கும். மேற்பூச்சு தேய்ந்து உரியத் தொடங்கிவிட்டால் எந்த மெழுகாலும் மீட்க இயலாது. அப்பகுதியைச் சுரண்டி மறுபடியும் சாயம் அடிப்பதொன்றே வழி. நானோ மூன்றாண்டில் நான்கு முறை காம்பவுண்ட் போட்டிருந்தேன். எந்த அழகைக் காப்பதாக எண்ணினேனோ, அந்த அழகின் முதலையே எடுத்துச் செலவிட்டுக்கொண்டிருந்தேன்.

காக்கும் பணி வேறு, அதில் பகட்டில்லை. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவிவிட வேண்டும். மண்ணோடு துணியை வைத்துத் தேய்த்தால் அம்மண்ணே கீறும். சவர்க்கார நீருக்கு ஒரு வாளி, துணியை அலச மற்றொரு வாளி. கூரையில் தொடங்கிக் கீழே இறங்க வேண்டும். சக்கரத்துக்கு வேறு துணி. பாத்திரம் கழுவும் நீர்மம் மெழுகையும் கழுவிவிடும், அது கூடாது. பறவை எச்சத்தில் அமிலம் உண்டு. நம் வெயிலில் சூடேறிய பூச்சில் அது சில மணி நேரத்திலேயே வடுவை உண்டாக்கிவிடும். ஈரத்துணியை அதன்மேல் போட்டு ஊறவிட்டு எடுக்க வேண்டுமேயன்றித் தேய்த்தல் கூடாது. யாரும் பாராட்டாத வேலை ஒன்றும் உண்டு. கதவுகளின் அடிவிளிம்பில் மழைநீர் வடியச் சிறுதுளைகள் உள்ளன. இலையும் மண்ணும் அவற்றை அடைத்துவிட்டால் நீர் உள்ளே தேங்கி, தகட்டை உள்ளிருந்தே துரு தின்னும். ஒரு தென்னை ஈர்க்கால் அவற்றைக் குத்திவிடலாம்; செலவு ஒரு காசும் இல்லை. நான்கு முறை காம்பவுண்ட் போட்ட நான், அந்த ஈர்க்கை எடுத்தது மூன்றாண்டில் ஒருமுறை.

இனி அந்த 420 வெள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், திருக்குறள் மனனப் போட்டி ஒன்றுக்காகக் கோலகங்சாருக்கு மாணவர் ஐவரை ஏற்றிச் சென்றேன். பழைய சாலையில் புக்கிட் பெராப்பிட்டின் வளைவுகளில் இறங்கும்போது பிரேக் மிதி காலுக்கடியில் மெத்தென்று அமுங்கிற்று. வண்டியின் வேகம் குறையவேண்டிய அளவுக்குக் குறையவில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, சாலையோரப் புல்லில் நிறுத்தினேன். பின்னிருக்கையில் இருந்த பிள்ளைகள் ஒன்றும் அறியவில்லை. ஒரு சிறுமி தன் அதிகாரத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். என் கைகள் நடுங்கின. வேறொருவர் காரை வரவழைத்துப் பிள்ளைகளை அனுப்பிவைத்தேன்.

மாலையில் காரைப் பட்டறையில் தூக்கி நிறுத்திப் பார்த்த சீனப் பெரியவர் என்னை அழைத்து, மேலே பளபளத்த கதவையும் கீழே தொங்கிய பிரேக் குழாயையும் மாறிமாறிக் காட்டினார். இரப்பர்க் குழாய் வெடித்துப் பலூன் போல் உப்பியிருந்தது. ‘சிக்கு, மேலே மிக அழகு’ என்று மலாயில் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் மலைச்சரிவின் சூட்டில் கொதித்துக் குமிழிடும். ஆகவே ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பர். நான் ஐந்தாண்டாக மாற்றவில்லை. செலவு மிகுமென்று, ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ எனத் தள்ளியே வந்தேன்.

அன்றிரவு கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். அவ்வாண்டின் முதற் பாதியில் மெருகுப் பொருள்களுக்கு நான் செலவிட்டது 430 வெள்ளி. அத்தொகை காரின் பக்கத்தில் இல்லை. மேலே காட்டிய 8,220இலும் அது சேரவில்லை. ‘இதரச் செலவு’ என்னும் பக்கத்தில், செய்தித்தாளுக்கும் திருமண மொய்க்கும் நடுவில் அதனை எழுதியிருந்தேன். எவரும் கேட்டு அங்கு எழுதவில்லை. என் சிக்கனக் கணக்கு குலையாதிருக்க என் கையே அதை அங்குக் கொண்டுபோய் வைத்திருந்தது. பிறரை ஏமாற்றுவதற்கு முன் மனிதன் தன் கணக்குப் புத்தகத்தை ஏமாற்றுகிறான் போலும். மகளின் நாணம் போக்கிய முதல் மெருகை நான் இன்றும் குறைகூறேன். பிரேக்குக்கு ‘அடுத்த மாதம்’ என்றும் மெழுகுக்கு ‘இன்றே’ என்றும் சொன்ன நான்காம் மெருகையே குறைகூறுகிறேன். பார்ப்போர் கண்ணுக்குரியது முந்திக்கொண்டது. ஏறுவோர் உயிருக்குரியது பின்தங்கிற்று.

2024ஆம் ஆண்டு பிள்ளைகள் மூவரும் வெளியூர் சென்றுவிட, பெரிய கார் தேவையற்றதாயிற்று. விற்க எண்ணினேன். அதற்குள் பின்சக்கர வளைவிலும் பின்கதவின் அடியிலும் சாயம் கொப்புளித்திருந்தது. துரு இரும்பைவிட மிகுந்த இடத்தைப் பிடிப்பது. அதனால் தன்மேலுள்ள பூச்சை உந்தித் தூக்கும். சாயக்கடைக்காரர் ஒருவர் இரு விலை சொன்னார். துருப்பிடித்த தகட்டை வெட்டியெறிந்து புதுத் தகடு ஒட்டவைத்துச் சாயம் அடிக்க 3,500 வெள்ளி. மேலே பட்டி பூசித் தேய்த்துச் சாயம் அடிக்க 1,200. ‘ஓராண்டு தாங்கும் சார், அதற்குள் நீங்கள் விற்றுவிடுவீர்களே’ என்றார். தூரமானியின் எண்களையும் குறைத்துத் தர ஆள் உண்டு என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதை உடனே மறுத்துவிட்டேன். பட்டியை உடனே மறுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டில் என் துணைவியார், ‘வாங்குகிறவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், கேட்காததை நாமே ஏன் சொல்ல வேண்டும்?’ என்றார். இது புதிய வாதம் அன்று. உரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44ஆம் ஆண்டில் கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இதே வழக்கு உள்ளது. குறைபாடுள்ள வீட்டை விற்பவன் அக்குறையைத் தானே சொல்ல வேண்டுமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ், சட்டம் வேண்டுவதைச் சொன்னால் போதும். சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்றார். அவர்தம் மாணவரான ஆண்டிப்பேட்டர், வாங்குவோன் அறிய வேண்டியது எதையும் விற்போன் தனக்குள் வைத்துக்கொள்ளலாகாது என்றார். சிசரோ மாணவரின் பக்கம் நின்றார். வள்ளுவரும் வாணிகம் பற்றிய குறளைப் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில், நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. டயோஜெனிசின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை; வாங்குவோனுக்குக் கண்ணுண்டு, கூட ஒரு பட்டறைக்காரரை அழைத்துவரலாம். ஆனால் பட்டி பூசிய பின் அவன் கண்ணால் என்ன பயன்? சும்மா இருப்பது மௌனம் என்றால் என்னலாம். 1,200 வெள்ளி கொடுத்துச் சாயம் பூசுவது பேச்சு. ‘இங்கே துரு இல்லை’ என்று அச்சாயம் பேசுகின்றது.

இத்தகைய பேச்சால் கெடுபவன் ஒரு வாங்குவோன் மட்டும் அல்லன். அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒன்றில் பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். 2001ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். நல்ல காரையும் கெட்ட காரையும் பிரித்தறிய இயலாத வாங்குவோன் இரண்டிற்கும் நடுவான விலையையே தருவான். அவ்விலை கட்டுபடியாகாமல் நல்ல கார் உடையவன் சந்தையைவிட்டு விலகுவான். எஞ்சுவன கெட்ட கார்கள். ஆகவே ஏமாற்றின் சேதத்தில் நேர்மையான விற்பனையாளன் தன் பொருளுக்குரிய விலையைப் பெற முடியாமற் போவதும் அடங்கும். என் பிரேக் புதியது, டைமிங் பெல்ட் புதியது என்று நான் சொன்னால் அதனை நம்புவதற்கு வருகிறவருக்கு என்ன காரணம் இருக்கின்றது? பலர் முன்பே பட்டி பூசியிருக்கிறார்கள்.

வந்தவர் ஓர் இளைஞர். மனைவியும் கைக்குழந்தை உட்பட இரு பிள்ளைகளும் உடன் வந்திருந்தனர். பிள்ளைகள் கேளாமலே பின்கதவின் வழியே ஏறி உட்கார்ந்துகொண்டனர். நான் கணக்குப் புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, பின்சக்கர வளைவுக்கு அழைத்துச் சென்று கொப்புளத்தைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினேன். சாயம் உதிர்ந்து செந்துகள் கையில் ஒட்டிற்று. அவர் முகம் மாறிற்று. துருவை வெட்டி ஒட்ட 3,500 கேட்டார்கள் என்றும் சொன்னேன். அவர் புத்தகத்தைத் திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் படித்தார். 5,500 என்று சொல்லியிருந்தேன், அவர் 4,000 கேட்டார், 4,300இல் முடிந்தது. என் துணைவியாருக்கு அவ்விலையில் நிறைவில்லை. எனக்கும் முழு நிறைவு இருந்ததென்று சொல்ல இயலாது.

புறப்படும் முன் அவர் பானெட்டைக் கையால் தடவி, ‘ஐயா, இது மட்டும் எப்படி இவ்வளவு பளபளப்பாக இருக்கிறது? என்ன போட்டீர்கள்?’ என்று வினவினார். நான்கு முறை காம்பவுண்ட் போட்டதைச் சொன்னேன். மேற்பூச்சு இனி மிக மெல்லியது, ஐந்தாம் முறை போட்டால் உரிந்துவிடும், கழுவி மெழுகிட்டால் போதும் என்றேன். கதவடித் துளைகளையும் காட்டி, வேலியோரம் கிடந்த ஈர்க்கு ஒன்றை எடுத்துக் குத்திக்காட்டினேன். அவர் எழுதுகோலை வாங்கி, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘காம்பவுண்ட் கூடாது, துளை – மாதம் ஒருமுறை, பிரேக் எண்ணெய் – 2025’ என்று எழுதிக்கொண்டார்.